கடலுக்கு ஒதுக்கிய நாட்கள்



தீவுப் பயணத்தைப் பற்றிப் பேச ஓசூர்க்காரன் ஒருவன் வந்திருக்கிறான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வந்தால் தவறில்லை. எங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. கடலைக் காண வேண்டுமானால் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று படிப்படியாக இறங்கி, 300 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குப் போக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த பெரிய நீர்ப்பரப்பெல்லாம் கெலவரப்பள்ளி அணையும் கிருஷ்ணகிரி அணையுந்தான். அவற்றில் அலை அடிப்பதில்லை.

ஆனால், ஒரு காரியத்தை அறியாதவன் அதற்குத் திட்டம் போட்ட கதையைக் கேட்பதிலும் ஒரு பயன் உண்டு. அவன் செய்த பிழைகள் எல்லாம் கேட்பவருக்கு இலாபம். அந்த நம்பிக்கையில்தான் இன்று உங்கள் முன் பேசுகிறேன்.

நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் பூகோளம் கற்பித்து ஓய்வுபெற்றவன். உலகப் படத்தில் எந்தத் தீவையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுவேன். ஆனால் அறுபது வயது வரையில் ஒரு தீவிலும் கால் வைத்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், என் மனைவி, மகள், மருமகன், நான் ஆகிய நால்வரும் இரண்டு வாரம் தீவுகளைச் சுற்றி வருவது என்று முடிவு செய்தோம். பதினான்கு நாட்கள், ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தக் கணக்கு ஏன் அவ்வளவு கறாராக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த நாள் முதல் ஓசூர் கடிகாரத்தின் ஊர் ஆகிவிட்டது. 1980களில் லாரி செய்யும் ஆலையும் இருசக்கர வண்டி செய்யும் ஆலையும் வந்தன. அவற்றோடு கைக்கடிகாரம் செய்யும் ஆலையே வந்து சேர்ந்தது. விடியுமுன்பே தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசிக்கொண்டு பேருந்துகளில் ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பவர்கூட ஷிப்டு எப்போது முடிகிறது என்று கேட்டுக்கொண்டுதான் பஞ்சாங்கத்தைப் பிரிப்பார். என் மருமகன் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வெகு நாள் கேட்டு, பலருக்காக மாற்று ஷிப்டுகள் பார்த்து, பதினான்கு நாள் விடுப்பைச் சேர்த்து வாங்கியிருந்தார். பதினைந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு அவர் ஆலை வாயிலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவருடைய இடத்தில் வேறொருவர் நிற்பார். இதை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. சோறு உண்ணும்போது ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, மோருக்குக் கை நீட்டினார்.

எங்கே போவது என்பது முதல் கேள்வி. வெப்ப மண்டலத்துத் தீவுகள் என்றால் உலகில் குறைவா? இந்தோனேசியாவில் 17,000 தீவுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டினர் தங்கள் தீவுகளை எண்ணி 7,641 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மாலத் தீவுகளில் ஏறத்தாழ 1,200. மகள் இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். கடவுச்சீட்டு, விமானக் கட்டணம், அயல்நாட்டு நாணயம் என்று கூட்டிப் பார்த்தபோது, தாளை மடித்து வைத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வெப்ப மண்டலத்துத் தீவுக்கூட்டம் நம் நாட்டிலேயே இருக்கிறதே! அந்தமான் நிக்கோபார்த் தீவுகள். சிறு திட்டுகளையும் பாறைகளையும் சேர்த்து அவை 836. அவற்றில் முப்பதுக்குச் சற்று மேற்பட்டவற்றில்தான் மக்கள் வாழ்கிறார்கள். அந்தமான் தீவுகளுக்குப் போக இந்தியக் குடிமகனுக்குக் கடவுச்சீட்டு வேண்டாம். பழங்குடி மக்களுக்காக ஒதுக்கிய பகுதிகளுக்கும், தெற்கே நிக்கோபார்த் தீவுகளுக்கும் மட்டும் தனி அனுமதி இன்றிப் போக இயலாது.

இந்தத் தீவுகள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டையொட்டிக் கடல் கடந்து வென்ற இடங்களைப் பட்டியலிடும் தஞ்சைக் கல்வெட்டில் 'மாநக்கவாரம்' என்ற பெயர் வருகிறது. அது நிக்கோபார்த் தீவைக் குறிப்பது என்பது அறிஞர் கருத்து. அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேர், 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றபோதும் சோழர் கடற்படையின் நினைவு பேசப்பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலையில் வாழ்பவனுக்குத் தீவு அந்நியம் என்று நினைக்காதீர்கள். மியன்மார் நாட்டின் மேற்கே அரக்கான் யோமா என்ற மலைத்தொடர் இருக்கிறது. அது கடலுக்குள் இறங்கி, தெற்கு நோக்கி நீரடியிலேயே நடந்து போகிறது. எங்கெங்கே அதன் சிகரங்கள் நீருக்கு மேலே தலை நீட்டுகின்றனவோ, அங்கங்கே அந்தமான் தீவுகள். ஆகவே தீவு என்பது கழுத்தளவு நீரில் நிற்கும் மலை. இதைச் சொன்னபோது என் மனைவி, "அப்படியானால் நம் தேன்கனிக்கோட்டை மலையைச் சுற்றித் தண்ணீர் விட்டதுபோல் இருக்கும் என்று சொல்லுங்கள்" என்றாள். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு வகுப்பறையில் ஒரு நாளும் வாய்த்ததில்லை.

இனி, நான் போட்ட முதல் திட்டத்துக்கு வருகிறேன். படத்தை விரித்து வைத்து, அளவுகோலால் கோடு இழுத்தேன். பதினான்கு நாட்களில் ஒன்பது தீவுகள்! முதலில் அருகில் உள்ளவை, பிறகு தொலைவில் உள்ளவை. பன்னிரண்டாம் நாள் கடைசியாகச் சிறிய அந்தமான். அது தலைநகருக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். பதின்மூன்றாம் நாள் மாலை திரும்பி வந்து, பதினான்காம் நாள் விமானம். ஒவ்வொரு நாளுக்கும் காலை, நண்பகல், மாலை என்று மூன்று கட்டம். எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, நான்கு நிற மையால் வண்ணமும் தீட்டினேன். ஆலை மேலாளர் பார்த்திருந்தால் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டிருப்பார்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். அந்தமானில் காட்டிலாகாவில் வெகு காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர். அவரிடம் என் திட்டத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். பாராட்டுவார் என்ற எண்ணந்தான்; வேறென்ன? அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கட்டம் கட்டமாக விரலை ஓட்டிப் பார்த்தார்.

"வாத்தியாரே, அருமையாகப் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நாள் இருக்கிறது. மகளுக்கு நாள் இருக்கிறது. கடைவீதிக்குக்கூட அரை நாள் இருக்கிறது. கடலுக்கு ஒரு நாளும் இல்லையே!" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "எல்லா நாளும் கடலில்தானே போகிறோம், ஐயா?" என்றேன்.

"நீங்கள் கடலுக்குப் போகிறீர்கள். கடல் உங்களை விட வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, அவர் 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்ததைச் சொன்னார். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாயிற்று. பின்னர் வர்தா என்ற பெயரோடு சென்னையைத் தாக்கிய அதே புயல்தான். அது அந்தமான் அருகே பிறந்தபோது, ஹேவ்லாக், நீல் ஆகிய தீவுகளுக்குக் கப்பல் போக்குவரத்து நின்றுவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாட்கணக்கில் அங்கே சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவற்படையும் கப்பல்களை அனுப்பி அவர்களை மீட்டுக் கொண்டுவந்தன. "அவர்கள் எல்லாரிடமும் உங்களைப் போலவே அழகான திட்டம் இருந்திருக்கும், வாத்தியாரே" என்றார் பெரியவர்.

நண்பர்களே, அன்று இரவு நான் வெகு நேரம் உறங்கவில்லை. முப்பது ஆண்டுகள் பருவக்காற்றைப் பற்றிப் பாடம் நடத்தியவன், தன் சொந்தத் திட்டத்தில் காற்றுக்கு ஒரு கட்டம் விடவில்லை. என் பிழைக்கு விலை கொடுக்கப் போகிறவனோ நான் அல்லன். பதினைந்தாம் நாள் ஆலை வாயிலில் நிற்க வேண்டிய அந்தப் பிள்ளை. மறுநாள் காலை அந்த வண்ணத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

புதிய திட்டத்தைப் பெரியவரின் திண்ணையில் உட்கார்ந்தே எழுதினோம். அவர் சொன்ன விதிகளை உங்களுக்கும் சொல்கிறேன். எந்தத் தீவுக்கூட்டத்துக்குப் போனாலும் இவை பொருந்தும்.

முதல் விதி, பருவம். அந்தமானுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரையில் விட்டு விட்டுப் பெய்யும். ஆகவே ஜனவரி முதல் ஏப்ரல் வரையில் உள்ள காலமே நல்லது. நாங்கள் ஜனவரியைத் தேர்ந்தோம். அப்போதும் கடல் உறுதிமொழி எழுதிக் கொடுப்பதில்லை என்பதைப் பின்னால் கண்டோம்.

இரண்டாம் விதி, தொலைவு முதலில், அருகு கடைசியில். நம் வழக்கம் இதற்கு நேர்மாறானது. வீட்டை விட்டுப் புறப்பட்டால் மெல்ல மெல்லத் தொலைவு போவோம். தீவுகளில் அப்படிச் செய்தால், பயணம் முடியும் நாளில் ஊரிலிருந்து மிகத் தொலைவில் நிற்போம். கப்பல் ஒரு நாள் தவறினாலும் எல்லாம் தவறும். நாட்கள் குறையக் குறைய விமான நிலையத்தை நெருங்கி வர வேண்டும்.

மூன்றாம் விதி, வெற்று நாள். நான்கு நாளுக்கு ஒரு நாளாவது ஒன்றும் எழுதாமல் விட வேண்டும். கடல் கேட்டால் அது கடலின் நாள். கேட்காவிட்டால் அது நம்முடைய நாள். பதினான்கு நாட்களில் மூன்று நாட்களை நாங்கள் இப்படி விட்டோம். ஒன்பது தீவுகள் ஐந்தாகக் குறைந்தன. எனக்கு முதலில் மனம் வரவில்லைதான்.

நான்காவது விதி எங்கள் ஊர்க் கடிகாரத்தைப் பற்றியது. இதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓசூர் ஏறத்தாழ 77¾ பாகை கிழக்கு நெட்டாங்கில் இருக்கிறது. போர்ட் பிளேர் 92¾ பாகையில். வித்தியாசம் 15 பாகை. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. ஆக, 60 நிமிடம். நாடு முழுவதற்கும் மணி ஒன்றே. ஆனால் சூரியன் அங்கே நம்மைவிட ஒரு மணி நேரம் முந்தி வந்து, ஒரு மணி நேரம் முந்திப் போய்விடுகிறது. ஜனவரி நடுவில் ஓசூரில் மாலை ஆறே கால் மணி அளவில் மறையும் சூரியன், அங்கே ஐந்தே கால் மணிக்கே மறைகிறது. ஓசூரில் செய்த கடிகாரம் பிழை செய்வதில்லை. ஆனால் அதை நம்பி ஐந்து மணிக்குக் கடற்கரைக்குக் கிளம்புகிறவன் இருட்டைத்தான் காண்பான். விடியற்காலை எழுந்து வேலையைத் தொடங்குவதே அங்கே ஒழுங்கு.

போகும் வழியைப் பற்றியும் ஒரு சொல். சென்னையிலிருந்து பயணிகள் கப்பலில் போகலாம். ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். மூன்று நாள் ஆகும். கோடை விடுமுறை உள்ள மாணவர்கள் ஒரு வழியாவது கப்பலில் போக வேண்டும் என்பது என் ஆசை. கடல் எவ்வளவு பெரியது என்பதை விமானத்தில் போகிறவன் அறிய மாட்டான். ஆனால் போக மூன்று நாள், வர மூன்று நாள் என்றால் எங்கள் பதினான்கில் ஆறு போய்விடும். ஆகவே எல்லை தாண்டிப் பெங்களூருக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறுவது என்று தீர்மானித்தோம்.

பாரடாங் என்ற தீவில் சுண்ணாம்புக் குகைகளும் சேறு கக்கும் எரிமலையும் இருக்கின்றன. அங்கே போக மருமகனுக்குப் பேராவல். ஆனால் தரைவழியாகப் போகும் சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவிச் செல்கிறது. காவலர் துணையோடு வண்டிகள் கூட்டமாகத்தான் போகலாம்; நிறுத்தக் கூடாது; படம் எடுக்கக் கூடாது. அந்த மக்களைக் காக்க 1956-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருக்கிறார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜாரவா மக்கள் நானூறுக்கும் குறைவு. ஆங்கிலேயர் 1858-இல் வந்தபோது ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பேரந்தமானியர், அதே கணக்கெடுப்பில் 44 பேர். வெளியாரோடு வந்த நோய்களே அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோயின. இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் என் மனைவி கேட்டாள்: "நம் வாசல் வழியாகத் தினந்தோறும் நூறு வண்டி போய், எல்லாரும் சன்னல் வழியே நம்மை எட்டிப் பார்த்தால் நமக்குப் பொறுக்குமா?" மருமகன் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வேண்டாம் மாமா, குகை அங்கேயே இருக்கட்டும்" என்றார். பாரடாங்கை அடித்தோம். எந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று எழுதி வைப்பதும் பயணத் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

இவ்வாறு உருவான திட்டம் இது. முதல் இரண்டு நாள் தலைநகர். மூன்றாம் நாள் படகேறி வடக்கே லாங் தீவு. அதுவே எங்கள் பயணத்தின் தொலைவான எல்லை. ஐந்தாம் நாள் வெற்று நாள். ஆறாம் நாள் தெற்கே இறங்கி ஹேவ்லாக். 2018 முதல் அதற்குச் சுவராஜ் தீவு என்று பெயர். ஒன்பதாம் நாள் நீல் தீவு. அது இப்போது ஷகீத் தீவு. பதினொன்றாம் நாள் தலைநகர் திரும்புவது. பன்னிரண்டும் பதின்மூன்றும் வெற்று நாட்கள். பதினான்காம் நாள் விமானம். தலைநகரில் படகுச் சீட்டு வாங்க ஒரு காலைப் பொழுதைத் தனியே ஒதுக்கினோம். சிறு தீவுகளில் வங்கி இயந்திரம் கிடைப்பது அரிது என்பதால் கையில் ரொக்கம் வைத்துக்கொண்டோம். சென்னையிலிருந்து கடலடியில் கம்பித்தடம் போட்டு 2020-ஆம் ஆண்டில் தொலைத்தொடர்பை மேம்படுத்தினார்கள். எனினும் எல்லாத் தீவின் எல்லா மூலையிலும் தொலைபேசி பேசும் என்று நம்பக் கூடாது. படகில் தலைசுற்றல் வராமலிருக்க மருந்தும், ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பையும் எடுத்துக்கொண்டோம். படகுத் துறையில் நம் பெட்டியை நாமே சுமக்க வேண்டும் என்பதைப் பெரியவர் மூன்று முறை சொல்லியிருந்தார்.

போய்ச் சேர்ந்த முதல் நாள் மாலையில் செல்லுலார் சிறையைப் பார்த்தோம். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்தது. நட்சத்திரம்போல ஏழு கிளைகள். இன்று மூன்றுதான் எஞ்சியிருக்கின்றன. ஒருவன் முகத்தை இன்னொருவன் காணாதபடி அறைகளை அமைத்திருக்கிறார்கள். நாங்கள் பதினான்கு நாட்களை எண்ணிக்கொண்டு வந்தவர்கள். அங்கே ஆண்டுகளை எண்ணியவர்கள் இருந்தார்கள். அந்த அறைகளில் ஒன்றில் நின்றபோது என் மகள் ஒன்றும் பேசவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

லாங் தீவில் காட்டு வழியாக நடந்து லாலாஜி விரிகுடாவை அடைந்தோம். ஐந்தாம் நாளைக் கடல் கேட்கவில்லை. ஆகவே அது எங்களுக்குக் கிடைத்தது. அலையாத்தி மரங்கள் சேற்றில் கால் ஊன்றி நிற்பதை ஒரு காலை முழுவதும் பார்த்தோம். ஹேவ்லாக்கில் இராதாநகர்க் கடற்கரை. அங்கேதான் என் மனைவி முழங்கால் வரையில் நீரில் இறங்கி, வெகு நேரம் அப்படியே நின்றாள். உப்புநீர் முதலை உண்டு என்ற எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் நாங்கள் இறங்கவில்லை. நீல் தீவின் பரத்பூர்க் கரையில் கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் ஏறிப் பவளப் பாறைகளைக் கண்டோம். பவளம் கல் அன்று; சின்னஞ்சிறு உயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய வீடு. அதை ஒரு துண்டுகூட எடுத்து வரச் சட்டம் இடம் தருவதில்லை. தருமானாலும் எடுக்கலாகாது.

பதினொன்றாம் நாள் காலை. பைகளைத் தூக்கிக்கொண்டு நீல் தீவின் படகுத் துறைக்குப் போனோம். இரவே காற்று தென்னை மரங்களை உலுக்கத் தொடங்கியிருந்தது. துறையில் சொன்னது இரண்டே வார்த்தை: "கப்பல் இல்லை." நாளை உண்டா என்று கேட்டோம். கேட்கப்பட்டவர் கடலைத் திரும்பிப் பார்த்தார். எங்களுக்கு விடை சொல்லவில்லை. அன்று பிற்பகல் விமானம் பிடிக்க வேண்டிய ஒரு குடும்பம் எங்கள் பக்கத்தில் நின்றது. அந்தப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதாள். அவர்களுடைய சீட்டுப் பணம் போயிற்று. என் வண்ணத் தாளைக் கிழிக்காமல் இருந்திருந்தால், மறுநாள் நாங்கள் அவர்களைவிடத் தொலைவில், சிறிய அந்தமானில் கரையில் நின்று அழுதிருப்போம்.

பன்னிரண்டாம் நாளும் கப்பல் இல்லை. 'அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது' என்று ஒரு பழமொழி சொல்வார்கள். காத்திருப்பவனைக் கேலி செய்யும் பழமொழி அது. தீவில் அந்தக் கேலி செல்லாது. அங்கே அலை ஓயத்தான் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் என் மனைவி சும்மா இருக்கவில்லை. நீல் தீவில் பெரும்பாலோர், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியமர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள். அந்தமானின் காய்கறித் தோட்டம் என்று அந்தத் தீவைச் சொல்வார்கள். நாங்கள் தங்கிய இடத்துக்கு அடுத்த கொல்லையில் ஒரு மூதாட்டி கத்தரிச் செடிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் மனைவிக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தெரியும், அவருக்கு வங்காளம். ஒன்றும் ஒட்டவில்லை. இருந்தும் இருவரும் மண்ணைக் கையில் அள்ளி, இலையைத் திருப்பிப் புழுவைக் காட்டி, அரை நாள் பேசினார்கள். மாலையில் ஒரு கூடைக் காய் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஓசூர்ப் பக்கத்துத் தோட்டக்காரி மகளுக்கு வேறென்ன விருது வேண்டும்?

மருமகன் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று இரவு, "மாமா, நாளையும் கப்பல் வராவிட்டால்?" என்று கேட்டார். அவர் குரல் மிகத் தாழ்ந்திருந்தது. நான் தாளை எடுத்துக் காட்டினேன். "நமக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது, மாப்பிள்ளை. அதுவும் கடலுக்கென்று வைத்ததுதான்" என்றேன். சொன்னேனே தவிர, உறக்கம் எனக்கும் வரவில்லை. அந்த ஒரு நாளும் போய்விட்டால் என்னிடம் வேறு விடை இல்லை.

பதின்மூன்றாம் நாள் காலை காற்று தணிந்தது. கப்பல் வந்தது. அது ஆடிய ஆட்டத்தில் நான் படாத பாடு பட்டேன். அதை விவரிக்கத் தேவையில்லை. பதினான்காம் நாள் விமானம். நள்ளிரவுக்கு முன்னால் ஓசூர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மருமகன் சாப்பாட்டுப் பையோடு பேருந்து ஏறுவதை மாடியிலிருந்து பார்த்தேன். போர்ட் பிளேரில் பார்க்க எண்ணியிருந்த அருங்காட்சியகத்தையும் கடைவீதியையும் நாங்கள் பார்க்கவில்லை. கடல் கேட்டது, கொடுத்தோம்.

நண்பர்களே, எனக்குக் கொடுத்த நேரம் முடியப் போகிறது. தேர்வுக்குப் படிக்கக் கால அட்டவணை போடுகிறீர்கள். காலை ஐந்து முதல் இரவு பத்து வரை ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்புகிறீர்கள். இரண்டாம் நாள் தலைவலி வந்தால் அட்டவணை முழுவதும் சரிந்துவிடுகிறது. திட்டம் போட்டதே தவறு என்று அதைக் கிழித்துவிடுகிறீர்கள். தவறு அதுவன்று. நம் கைக்கு அடங்காதவற்றுக்கு அதில் இடம் விடாமல் போனதே தவறு. காற்று உண்டு, காய்ச்சல் உண்டு, எதிர்பாராமல் வரும் விருந்தாளி உண்டு. அவர்களுக்கும் ஒரு கட்டம் விடுங்கள். வராவிட்டால் அது உங்களுக்கு இலாபம். அலையாத்தி மரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு காலைப் பொழுதைக் கழிக்கலாம்.

எங்கள் தெருப் பெரியவர் இன்று இல்லை. ஊர் திரும்பியதும் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "கடல் எத்தனை நாள் எடுத்துக்கொண்டது?" "இரண்டு" என்றேன். "ஒன்றைத் திருப்பித் தந்துவிட்டதே. நல்ல கடல்" என்று சொல்லிச் சிரித்தார்.